உறக்க மூச்சுத்தடை: கண்காணிக்கும் முறைகள்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, அல்லது மூளையின் கட்டளை வராமல் போக, 10 நொடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றுபோகும் நோய். ஊசியின்றியே இதை அளக்கலாம். முழுமையான ஆய்வு பாலிசோம்னோகிராபி; ஆய்வகத்தில் இரவு முழுதும் மூளை அலை, கண்ணசைவு, இதயத்துடிப்பு, மூச்சு ஆகியவற்றைப் பதிகிறது.

வீட்டுச் சோதனைக்கு மூக்கடியில் காற்றழுத்த உணரி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் போதும். காற்று நின்ற பின்னும் பட்டைகள் விரிந்து சுருங்கினால் அடைப்பு தொண்டையில். அவையும் அசையாவிட்டால் மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை. சிகிச்சை இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஜப்பானியர் டகுவோ அவோயாகி 1974-இல் அறிவித்த முறையில் இயங்கும் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் சரிவைக் காட்டுமே தவிர இந்த இரு வகைகளைப் பிரித்துச் சொல்லாது. மூச்சுத்தடையும் மூச்சுக்குறைவும் (காற்றோட்டம் நிற்காமல் குறைவது) சேர்ந்து மணிக்கு 5 முறை முதல் நோய் லேசானது, 15 முதல் மிதமானது, 30 முதல் கடுமையானது.

இந்நோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளம் என்று நம் வீடுகளில் நம்புவது ஆபத்தானது. பூந்தமல்லி வழியே பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரி ஓட்டுவோருக்கு, விழித்திருக்கும்போது இந்நோயால் வரும் தூக்கக்கலக்கம் உயிர்ப் பிரச்சினை. அவர்களிடம் முதலில் ஸ்டாப்-பேங் கேள்வித்தாளையே பயன்படுத்தலாம்: குறட்டை, களைப்பு, ரத்த அழுத்தம், கழுத்துச் சுற்றளவு என எட்டுக் கேள்விகள், அளவு நாடாவும் எடை பார்க்கும் கருவியும் உள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டுவிடலாம்.