சீனர் குடிவழியும் அதன் சான்றுகளும்

நம்மோடு இந்நாட்டில் வாழும் சீனருள் வயதிற் பெரியார் ஒருவரை அணுகி, "தங்கள் ஊர் யாது?" என்று வினவினால், அவர் தாம் பிறந்த பினாங்கையோ ஈப்போவையோ கூறுவதோடு நில்லார். தாம் ஒருகாலும் கண்டிராத, சீனத்தின் தென்கரையிலுள்ள ஒரு மாவட்டத்தின் பெயரையும் கூறுவர். ஆன்சி என்பார் ஒருவர். தைஷான் என்பார் ஒருவர். மெய்சியன் என்பார் மற்றொருவர். பிறந்த ஊர் வேறு, குடிவழி ஊர் வேறு என்பது அவர்தம் கொள்கை. ஆயின் அம்மாவட்டத்துள் எக்கிராமம், அக்கிராமத்துள் எக்கிளை என்று மேலும் கேட்பின், இக்காலத்து இளைஞர் பலர் விடையறியாது திகைப்பர். அவ்விடையைத் தேடி இன்று பல குடும்பங்கள் கடல் கடந்து செல்கின்றன. அவை எவற்றைச் சான்றாகக் கொண்டு செல்கின்றன, அச்சான்றுகள் எவ்வாறு உண்டாயின, எவ்வாறு அழிந்தன என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கடல் கடந்த காரணம்

மலாயாவுக்கு வந்த சீனர் பெரும்பாலும் பூஜியன், குவாங்டுங் என்னும் இரு தென் மாகாணங்களைச் சேர்ந்தவர். பூஜியனின் தென்பகுதியார் ஹொக்கியன் பேசுவோர். குவாங்டுங்கினின்று கான்டனீயரும், தியோச்சியூ, ஹக்கா மக்களும், 1988-ம் ஆண்டு வரை அம்மாகாணத்தோடு சேர்ந்திருந்த ஹைனான் தீவினரும் வந்தனர். மலை மிகுந்து வயல் குறைந்த நிலமும், பெருகிய மக்கட்டொகையும், 1850 முதல் 1864 வரை நாட்டைக் கலக்கிய தைப்பிங் கிளர்ச்சியும் அவர்களை வெளியே தள்ளின. 1842-ம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் அமாய் முதலிய ஐந்து துறைமுகங்கள் மேனாட்டார்க்குத் திறக்கப்பட்டமை அவர்களுக்கு வழி திறந்தது. பேராக், சிலாங்கூர் ஈயச் சுரங்கங்கள் அவர்களை ஈர்த்தன.

சிங் மன்னராட்சியில் அரசாங்க அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்வது குற்றம். அத்தடை முறைப்படி நீக்கப்பட்டது 1893-ம் ஆண்டிலேதான். சட்டத்துக்கு மறைந்து கப்பலேறியவனுக்குத் தாய்நாட்டு அரசாங்கத்தின் ஏட்டில் இடம் இராது. அவனைக் குறித்து அங்கு ஓர் எழுத்து உண்டாயின், அது அவன் குலத்தார் எழுதி வைத்ததாகவே இருக்கும்.

கல்லும் கொங்சியும்

சான்றுகளுள் எளிதிற் கைக்கெட்டுவது கல்லறைக் கல். சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்னர் வரும் செங் பெங் திருநாளிற் சீனர் தம் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையலிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அக்கல்லின் நடுவில் இறந்தவர் பெயரும், ஒரு பக்கத்தில் ஆண்டும், மறுபக்கத்திற் கல்லை நாட்டிய மக்களின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கும். தலைப்பகுதியிற் பெரும்பாலும் இரண்டெழுத்தில் ஒரு பெயர் காணப்படும். அதுவே இறந்தவரின் மாவட்டம். சில கற்களிற் கிராமத்தின் பெயரும் உண்டு. ஆண்டானது சிங் காலத்ததாயின் மன்னர் ஆட்சிப் பெயரால் எண்ணப்பட்டிருக்கும். பிந்தியதாயின் 1912-ஐ முதலாண்டாகக் கொண்ட குடியரசுக் கணக்கில் இருக்கும். கல்லில் இருபது என்றிருப்பின் 1931 என்று கொள்ளல் வேண்டும்.

மாவட்டப் பெயரிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கல்லிற் சின்னிங் என்று கண்டு இன்றைய தேசப்படத்தில் தேடுவோன் அதனைக் காணான். அது 1914-ம் ஆண்டில் தைஷான் எனப் பெயர் மாறிற்று. சியாங்ஷான் என்பது, அங்குப் பிறந்த சுன் யாட் சென்னின் நினைவாக 1925-ம் ஆண்டில் சுங்ஷான் ஆயிற்று. ஹொக்கியன் மக்கள் ஹாய் தெங் என்று வழங்கும் மாவட்டம் 1960-ம் ஆண்டில் அண்டை மாவட்டத்தோடு இணைக்கப்பெற்று லுங்ஹாய் ஆயிற்று.

கல்லுக்கு அடுத்த சான்று கொங்சி. ஒரே குடிப்பெயரும் ஒரே மூதூரும் உடையார் கூடி அமைத்த குலமன்றம் அது. பினாங்கிலுள்ள கூ கொங்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1835-ம் ஆண்டில் தோன்றிய அம்மன்றம், ஹாய் தெங் மாவட்டத்துச் சின் காங் கிராமத்தினின்று வந்த கூ குடியினர்க்கே உரியது. வேறு ஊர்க் கூ குடியினர்க்கு அதில் உரிமை இல்லை. 1901-ம் ஆண்டில் முந்திய மண்டபம் தீக்கிரையாக, 1906-ல் முடிந்த இன்றைய மண்டபத்தின் சிற்பவேலையைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அக்குடியிற் பிறந்தவனுக்கோ, சிற்பத்தினும் அங்குள்ள முன்னோர் பெயர்ப்பலகைகளே பெரிது. சின் காங் இன்று சியாமென் மாநகரின் ஹைச்சாங் வட்டாரத்திற் சின்ஆன் என்னும் பெயரோடு இருக்கின்றது. ஊர் பெயர் மாறியும், கொங்சியிற் பழம்பெயர் நிலைத்திருத்தலின், பினாங்குக் கூ குடியினர் வழி தவறிலர்.

குடிவழி ஏடு

இவை யாவற்றினும் சிறந்த சான்று, சீனர் சூபூ என்று வழங்கும் குடிவழி ஏடு. அக்கிராமத்தில் முதன்முதற் குடியேறிய முன்னோனைத் தலைவைத்து, தலைமுறை தலைமுறையாக ஆண்மக்களின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை அது கூறும். சில தலைமுறைக்கொருமுறை குலத்தார் கூடிப் புதுப்பித்து, சில படிகளே அச்சிட்டுக் கிளைதோறும் ஒன்றாகக் கொடுத்து வைப்பர்.

பெயரிடுவதிலும் அவர்க்கு ஒரு முறை உண்டு. குலத்துப் பெரியோர் ஒரு சிறு செய்யுளை இயற்றி வைப்பர். அதன் முதலெழுத்து ஒரு தலைமுறையார் அனைவர் பெயரிலும் வரும். அடுத்த எழுத்து அவர் மக்கள் பெயரில் வரும். முன்பின் அறியாத இருவர் ஒரு கப்பலிற் சந்தித்து, தத்தம் தலைமுறை எழுத்தைக் கூறிய அளவில், இவர் சிறிய தகப்பனார் முறை, அவர் மகன் முறை என்று அறிந்துகொள்வர்.

இவ்வேட்டிற் சிலருடைய வரி, "தென்கடல் நாடு சென்றான்" என்ற அளவில் நின்றுவிடும். அவன் எங்கு இறந்தான், யாரை மணந்தான், மக்கள் எத்தனைபேர் என்பன அங்கு இல்லை. அவ்வரியின் மறுபாதி பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஒரு கல்லில் இருக்கின்றது. இவ்விரு பாதிகளையும் கண்டு பொருத்துவதே மூதூர் தேடுவோன் வேலை.

நிற்க, ஏட்டில் எழுதியதெல்லாம் மெய்யென்று கொள்வதும் அறிவுடைமையாகாது. பல குலத்தார் தம் முதல் முன்னோனை ஒரு மன்னனாகவோ மந்திரியாகவோ காட்டியுள்ளனர். குவாங்டுங்கிற் குலம் குலமாகத் தாங்கள் சூஜி என்னும் ஒரே சந்தினின்று வந்ததாக எழுதிக்கொண்டனர். ஒரு சந்து அத்துணைக் குடிகளை எங்ஙனம் தாங்கிற்று என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுவது இயல்பே. பழங்காலப் பெருமைக்கு எழுதிய பகுதியையும், கண்ணால் கண்டவர் எழுதிய பகுதியையும் பிரித்தறிதல் வேண்டும்.

இதனினும் பெரிய குறை, பெண்மக்களைக் குறித்தது. மகள் பிறர் மனைக்குச் செல்பவள் என்று ஏட்டில் விடப்பட்டாள். மனைவியோ, லிம் சீ, தான் சீ என, அதாவது லிம் குடியிற் பிறந்தவள், தான் குடியிற் பிறந்தவள் என்ற அளவில் எழுதப்பட்டாள். அவளுக்குத் தாய் இட்ட பெயர் யாதென்று ஏடும் கூறாது. பெரும்பாலும் கல்லும் கூறாது. கன்பூசியஸின் குடிவழி ஏடு உலகத்து மிக நீண்ட குடிவழிகளுள் ஒன்று. 1937-க்குப் பின்னர் 2009-ம் ஆண்டிலேதான் அது புதுப்பிக்கப்பட்டது; 20 லட்சம் பேர் கொண்ட அப்பதிப்பிலேதான் பெண்மக்களும் முதன்முறையாகச் சேர்க்கப்பெற்றனர். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு நடந்த ஒரு குடிவழியிற் பெண்ணுக்கு இடம் கிடைத்தது நம் காலத்திலேதான் என்பதை வாசகர் எண்ணிப் பார்ப்பாராக.

எழுதியவன் செவியும் எழுதப்பட்டவன் பெயரும்

சீன எழுத்தில் ஒன்றாயிருக்கும் குடிப்பெயர், அவரவர் பேச்சில் வேறு வேறாக ஒலிக்கும். தான், சான், சின், சென் என்னும் நான்கும் ஒரே எழுத்து. லிம், லாம், லின் ஆகியன ஒரே எழுத்து. ஊய், வீ, வோங், ஹுவாங் என்பனவும் அவ்வாறே. துறைமுகத்திலும் சுரங்கத்திலும் ஆங்கிலம் எழுதிய குமாஸ்தா, தன் செவிக்குப் பட்டதை எழுதினான். அன்றியும் ஒருவனுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், குடிவழி ஏட்டில் ஒரு பெயர் உண்டு. ஆகவே பேரன் கையிலுள்ள பிறப்புப் பத்திரத்துப் பாட்டன் பெயரைக் கிராமத்து ஏட்டில் தேடினால் அது கிடைப்பது அரிது.

பிலிப்பைன்ஸ் தேசத்தில் 1986 முதல் 1992 வரை தலைவராயிருந்த கொராசோன் அக்கினோ அம்மையார் பிறந்த குடும்பத்தின் பெயர் கோஹுவாங்கோ. இஃது ஸ்பானியப் பெயர் போலத் தோன்றும். உண்மையில், 1861-ம் ஆண்டில் அங்குச் சென்ற ஒரு ஹொக்கியன் மனிதரின் குடிப்பெயர் கோ. இயற்பெயரின் ஈற்றெழுத்து ஹுவான். இறுதியிலுள்ள கோ என்பது அண்ணன் என்னும் மரியாதைச் சொல். அயலார் அழைத்த "கோ ஹுவான் அண்ணன்" என்பதே வழித்தோன்றல்களின் குடும்பப் பெயராகிவிட்டது. அம்மையார் 1988-ம் ஆண்டு தம் கொள்ளுப்பாட்டனாரின் ஹுங்ஜியன் கிராமத்துக்குச் சென்றார். மூன்று அசைக்குள் ஒளிந்திருந்த ஒரு பெயர் அவரை அங்குக் கொண்டு சேர்த்தது.

பெயர் தவறினும் கைகொடுப்பது கடிதம். ஊருக்குப் பணம் அனுப்பிய சீனர், பணத்தோடு ஒரு கடிதமும் சேர்த்து அனுப்பினர். உறையின் மீது கிராமத்தின் பெயரும், பெறுவோர் பெயரும், தொகையும் எழுதப்பட்டிருக்கும். எழுதத் தெரியாத கூலியாள் ஐந்தடிப் பாதையில் அமர்ந்திருந்த கடிதக்காரனிடம் காசு கொடுத்து எழுதுவித்தான். மூட்டை தூக்கியவனும் வண்டி இழுத்தவனும் எழுதுவித்த இத்தகைய கடிதங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இன்று சீனத்திற் பாதுகாக்கப்படுகின்றன. 2013-ம் ஆண்டில் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

அழிந்தனவும் எஞ்சினவும்

1949-ம் ஆண்டுக்குப் பின்னர் இரு கரைக்கும் இடையே போக்குவரவு அருகிற்று. 1966-ம் ஆண்டில் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியிற் குடிவழி ஏடுகள் பழமைக் குப்பை என்று தீயிலிடப்பட்டன. முன்னோர் மண்டபங்கள் இடிக்கப்பட்டன. சிலர் தம் ஏட்டை ஒளித்து வைத்துக் காத்தனர். மலேசியா 1974-ம் ஆண்டிலும் சிங்கப்பூர் 1990-ம் ஆண்டிலும் சீனத்தோடு அரசியல் உறவு ஏற்படுத்திக்கொண்டன. எரிந்துபோன ஏட்டைக் கிராமத்தார் புதிதாக எழுத முற்பட்டபோது, தென்கடல் நாட்டில் தங்கியிருந்த படிகளும் கற்களும் சில குலங்களுக்குத் துணையாயின. ஷாங்காய் நூலகத்தார் 2008-ம் ஆண்டு வெளியிட்ட அட்டவணையில் 52,000-க்கு மேற்பட்ட குடிவழி ஏடுகள் குறிக்கப்பட்டுள்ளன.

இக்கரையிலும் அழிவு உண்டு. சிங்கப்பூரில் 1922-ம் ஆண்டில் நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்டு 1973-ல் மூடப்பட்ட புக்கிட் பிரௌனில் ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் உண்டு. அதனூடே சாலை அமைக்கப்படும் என்று 2011-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 4,000 கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. அகற்றுமுன் ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, எழுத்தைப் படியெடுத்து வைத்தனர். வாழ்வோர்க்குச் சாலை வேண்டுவதே. படியெடுக்காது கல்லைப் பெயர்த்திருப்பின், அவ்வரிகளின் மறுபாதி என்றென்றைக்கும் தொலைந்திருக்கும்.

சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூவின் கொள்ளுப்பாட்டனார் லீ போக் பூன், குவாங்டுங் மாகாணத்துத் தாபு மாவட்டத்திலுள்ள தாங்சி கிராமத்தவர். அவ்வூரிலுள்ள அவர் கல்லறைக் கல், அவர் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றதைக் கூறுகின்றது. போதிய பொருள் ஈட்டிய பின்னர் 1882-ம் ஆண்டில் அவர் குடும்பத்தோடு ஊர் திரும்ப விரும்பினார். சிங்கப்பூரிற் பிறந்த அவர் மனைவி சியாவ் ஹுவான் நியோ, தான் கண்டிராத ஊருக்கு வர மறுத்து, மக்களோடு தன் பெற்றோர் குடும்பத்தாரிடம் ஒளிந்துகொண்டார். கணவர் தனியே சென்று, ஊரிற் பெரிய வீடு கட்டி, மறுமணமும் செய்துகொண்டார். அவ்வீடு இன்றும் இருக்கின்றது, காண்போர் செல்கின்றனர். ஆயின் அக்குடும்பம் சிங்கப்பூர்க் குடும்பமானது அவ்வீட்டாலன்று. ஒரு பெண்ணின் மறுப்பால். அச்செய்தி, அப்போது பத்து வயதளவினராயிருந்த மகனின் நினைவில் நின்று, 1998-ம் ஆண்டிற் கொள்ளுப்பேரர் வெளியிட்ட தன்வரலாற்றில் ஏறியதனாலேயே நமக்குத் தெரிகின்றது.

நமக்கு இதனால் ஆவது யாது?

யான் ஒரு தோட்டக் கிராணி. நாள்தோறும் செக்ரோலிற் பெயர் எழுதுவது என் தொழில். முன்னர் நம் மக்கள் பெயர் நிறைந்திருந்த ஏடுகளில் இன்று வங்காளதேசத்தார், இந்தோனேசியர் பெயர்கள் மிகுந்துள்ளன. பழைய ஏடுகளைப் புரட்டினால், முனியாண்டி என்னும் ஒரு பெயரே மூன்று விதமான ஆங்கில எழுத்துக்களிற் கிடப்பதைக் காணலாம். எழுதியவர்க்கு அது சம்பளக் கணக்கு. அம்மனிதனின் கொள்ளுப்பேத்தி தன் ஊரைத் தேடும் நாளில், அதுவே அவளுக்குக் கிடைக்கும் ஒரே ஏடாக இருத்தல் கூடும்.

ஆதலின் நண்பர்காள், பெயரெழுதும் தொழிலில் உள்ளோர் அதனை எளிதென்று எண்ணற்க. எவர் பெயராயினும், அவரைச் சொல்லச் செய்து, கேட்டு, ஊரும் சேர்த்துத் திருத்தமாக எழுதுக. சீன நண்பர் தம் பாட்டனார் கல்லைப் படிக்கத் தெரியாது நின்றால், படிக்கவல்லாரை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். உங்கள் வீட்டிலும் பாட்டி இருக்கும்போதே, அவர் பெயரையும், அவர் தாயார் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். சீனர் ஏடுகள் விட்டுவிட்ட பகுதி அதுவே. நம் ஏடுகளிலும் அது விடுபடாதிருக்கட்டும்.