சிவகாசியின் இரண்டு கத்திகள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நம்ம ஹீரோ ஒரு கத்தி. வீச்சரிவாள் இல்ல, பயப்படாதீங்க. உங்க மேசை டிராயர்ல கிடக்குமே, கட்டைவிரலால தள்ளினா டிக் டிக்னு பிளேடு வெளிய வருமே, அந்தப் பேப்பர் கட்டர்தான்.

அதுக்கு ஏன் சிவகாசின்னு கேப்பீங்க. அந்த ஊர்ல ரெண்டு பெரிய தொழில் பக்கத்துப் பக்கத்துல நடக்குது. அச்சகத்துல எஃகு பிளேடு. பட்டாசு ஆலைக்குள்ள எஃகுக்குத் தடை, அங்க பித்தளை. முதல் கத்தி கூர்மையா இருந்தாத்தான் பாதுகாப்பு. ரெண்டாவது கத்திக்குப் பாதுகாப்பே அதோட மென்மை. இந்த வித்தியாசத்துக்குப் பின்னாடி 150 வருஷக் கதை இருக்கு.

லேபிளில் இருந்து காலண்டர் வரை

1920-களோட தொடக்கம். சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வர்றாங்க. அய்ய நாடார் பேரை நீங்க சிவகாசிக் கல்லூரிப் பலகையில பாத்திருப்பீங்க. தீப்பெட்டின்னா அது மேல லேபிள் வேணும். அந்தத் தேவையில இருந்துதான் ஊருக்குள்ள லித்தோ அச்சு வளர்ந்துச்சு. லேபிள்ல ஆரம்பிச்சு டைரி, நோட்டுப் புத்தகம், தினசரிக் காலண்டர்னு போயிடுச்சு.

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி ஆஃப்செட்ல ஒரு முருகன் காலண்டர் அடிக்கணும்னா நாலு கலருக்கு நாலு ஃபிலிம். அடியில லைட் எரியுற கண்ணாடி மேசையில வெச்சு, பிளேடால வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்ற மாதிரி ஒட்டணும். அரை மில்லிமீட்டர் தப்பினாப் போதும், உதட்டுச் சிவப்பு கன்னத்துல ஏறிடும். 'ரெஜிஸ்டர் விலகிடுச்சு'ன்னு சொல்லுவாங்க. அந்த மொத்த வேலையும் ஒரு மெல்லிய கத்தியையும் ஒருத்தரோட கையையும் நம்பித்தான் நடந்துச்சு.

சாக்லேட் கட்டி கொடுத்த யோசனை

சிவகாசிக்குக் குட்டி ஜப்பான்னு ஒரு பேர் உண்டு, நேரு வெச்சதுன்னு சொல்லுவாங்க. நம்ம கட்டர் பிறந்ததும் ஜப்பான்லதான், அதுவும் ஒரு அச்சுத் தொழிலாளி கையில.

ஒசாகாவுல ஒக்காடா யோஷியோ அச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. பேப்பர் வெட்ட வெட்ட பிளேடு முனை மட்டும் மழுங்கிடும், மிச்சம் அப்படியே வீணாகும். செருப்புத் தைக்கிறவங்க கண்ணாடித் துண்டால சுரண்டுவாங்க, மழுங்கினா உடைச்சுப் புது விளிம்பு எடுப்பாங்க. அது ஒரு பக்கம். கோடு கோடா உடைக்கிற சாக்லேட் கட்டி இன்னொரு பக்கம். ரெண்டையும் சேர்த்து யோசிச்சு, 1956-ல உடைக்கிற பிளேடைக் கண்டுபிடிச்சாரு. அதுதான் ஓல்ஃபா. ஜப்பானிய மொழியில 'பிளேடை உடை'ங்கிற சொற்கள்ல இருந்து வந்த பேர்.

அந்தக் கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற பாடம் ஒண்ணுதான்: மழுங்கின பிளேடுதான் ஆபத்து. மழுங்கினா அழுத்துவோம். அழுத்தினா வழுக்கும். வழுக்கினா விரல்.

அதனால பேப்பர் கசங்க ஆரம்பிச்சதுமே ஒரு துண்டை உடைச்சிடுங்க. வெறுங்கையால வேணாம், குறடு பிடிச்சு உடைங்க. உடைஞ்ச துண்டு ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள்ள போகட்டும். குப்பையில சும்மா போட்டா துப்புரவுப் பணியாளர் கையைக் கிழிக்கும். வெட்டும்போது ஒரு கோடு போதும், பிளேடை ரொம்ப நீட்டாதீங்க. தடிமனான அட்டையை ஒரே இழுப்புல அறுக்காம, லேசா மூணு நாலு தடவை இழுங்க. இரும்பு ஸ்கேல் வைங்க, பிளாஸ்டிக் ஸ்கேல்ல பிளேடு ஏறிடும். ஸ்கேலைப் பிடிக்கிற கை, கத்தி போற பாதையில இருக்கக் கூடாது. கத்தி கீழ விழுந்தா விழட்டும், பிடிக்கப் போகாதீங்க.

பித்தளை ஏன்?

இப்போ அதே கட்டரை எடுத்துக்கிட்டுப் பட்டாசு ஆலைக்குள்ள போய்த் திரி வெட்ட முடியுமா? கூடவே கூடாது.

1874 அக்டோபர்ல லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் பக்கத்துக் கால்வாய்ல வெடிமருந்து ஏத்திப் போன படகு வெடிச்சுது. அடுத்த வருஷம் பிரிட்டன்ல வெடிபொருள் சட்டம் வந்துச்சு. வெடிபொருள் இருக்கிற இடத்துல மரம், செம்பு, பித்தளை மாதிரி மென்மையான பொருள்ல செஞ்ச கருவிகள் மட்டும்தான்னு அதுல எழுதினாங்க. 1884-ல இந்தியாவுக்கு ஒரு வெடிபொருள் சட்டம் வந்துச்சு. அதன் கீழ வந்த விதிகள் 1940, 1983, 2008-னு புதுசு புதுசா எழுதப்பட்டாலும், இரும்பு உள்ள வரக் கூடாதுங்கிற அடிப்படை மாறல.

காரணத்தை நீங்க ஒவ்வொரு தீபாவளிக்கும் கண்ணால பாக்குறீங்க. கம்பி மத்தாப்புல பூப்பூவாத் தெறிக்குதே, அது எரியுற இரும்புத் துகள். எஃகு ஒரு மணல் பருக்கை மேல உரசினாக்கூட, பிஞ்சு வர்ற துணுக்கு அதே மாதிரி காத்துல எரியும். ஒரு பொறி போதும். பித்தளையில அப்படிப் பொறி கிளம்பாது.

ஆனா பித்தளை மந்திரம் இல்ல. அது சீக்கிரம் மழுங்கும். மழுங்கினா அழுத்தணும், அழுத்தினா உராய்வு கூடும். மருந்துக் கலவைக்கு உராய்வே ஆபத்து. ஒக்காடா கண்டுபிடிச்ச அதே பிரச்சினை இங்கயும் வருது. ஒரு வித்தியாசம், இங்க போறது விரல் மட்டும் இல்ல.

விருதுநகர் மாவட்டத்துல வெடி விபத்துன்னு செய்தி வரும்போதெல்லாம் 'உராய்வு காரணமாக'ன்னு ஒரு வரி இருக்கும். படிச்சுட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம். யாரோ கவனக்குறைவா இருந்துட்டாங்கன்னு அந்த வரி நம்மளை நினைக்க வெச்சிடும். நான் கேக்க விரும்புறது வேற. அங்க பல வேலைக்கு எண்ணிக்கைக் கணக்குல கூலி, செய்யுறவங்கள்ல நிறையப் பேர் பெண்கள். கத்தியைத் தீட்டுறதுக்கும், தரையில மண் இல்லாமக் கூட்டுறதுக்கும், நிதானமா அறுக்கிறதுக்கும் நேரம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு யார் கூலி குடுக்குறாங்க?

சட்டம் கத்தியோட உலோகத்தை 150 வருஷத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுச்சு. அந்தக் கத்தியைப் பிடிச்சிருக்கிற கைக்கு அவசரம் இல்லாம இருக்கணும்ங்கிறதை இன்னும் யாரும் கூலிக் கணக்குல எழுதல. அடுத்த தடவை 'உராய்வு'ன்னு படிக்கும்போது, எந்தக் கத்தி, எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு கூலின்னு மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல தீப்பெட்டி லேபிள் படங்களைப் பத்திப் பேசலாம். வீட்ல பழைய லேபிள் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க.