இரண்டு சுவர்கள்: நவீனக் கலை மீதான வெறுப்பைப் புரிந்துகொள்ளல்

நவீனக் கலையைப் பலர் வெறுப்பது ஏன் என்ற கேள்விக்கு ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காசெத் 1925இல் அளித்த விடை இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. புதிய கலை மக்களைப் புரிந்தவர், புரியாதவர் என்று பிரித்துவிடுகிறது. புரியாதவர் தாம் சிறுமைப்பட்டதாக உணர்கிறார். அந்த உணர்வே சினமாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 1979இல் பியர் பூர்தியு இரசனையை வர்க்கத்தோடும் கல்வியோடும் பிணைத்துக் காட்டினார். அந்தப் பிரிவினையின் சமூக வேர் அதனால் தெளிவானது. ஆயினும் இவ்விரு விளக்கங்களிலும் வெறுப்பவர் ஏதோ ஒன்று குறைந்தவராகவே நிற்கிறார். இதை என்னால் ஏற்க இயலவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எழுந்த இரண்டு சுவர்கள் வேறு விளக்கத்தைக் கோருகின்றன.

முதலாவது, ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்'. நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசா சதுக்கத்துக்காக நடுவண் அரசு 1979இல் 1,75,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்து, 1981இல் நிறுவியது. 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலத் தடிமன் கொண்ட அந்த எஃகுத் தகடு, இலேசாகச் சாய்ந்து வளைந்து சதுக்கத்தின் குறுக்கே நின்றது. மேற்பரப்பு துருப்பிடித்துப் பழுப்பேறுவது அந்த எஃகின் இயல்பு. நடப்பவர் தம் உடலையும் அசைவையும் தாமே உணர வேண்டும் என்பது செர்ராவின் நோக்கம். அரிய நோக்கம்தான். ஆனால் அங்கே நடந்தவர்கள் கலை பார்க்க வந்தவர்கள் அல்லர். சுற்றியுள்ள அலுவலகங்களுக்கு நாள்தோறும் வேலைக்கு வந்தவர்கள். சில மாதங்களிலேயே 1,300 ஊழியர்கள் அதை அகற்றக் கோரிக் கையெழுத்திட்டனர். 1985 மார்ச்சில் நடந்த பொது விசாரணையில் பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றனர். 58 பேர் எதிர்த்தனர். ஆதரித்தவர்களில் கலைஞர்களும் அருங்காட்சியகத்தாரும் நிறைந்திருந்தனர். எதிர்த்தவர்களில் அந்த இடத்தில் வேலை பார்த்தவர்கள். செர்ரா வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1989 மார்ச் 15 இரவில் சுவர் மூன்றாக வெட்டி எடுக்கப்பட்டுக் கிடங்குக்குப் போனது. அந்த இடத்துக்கென்றே செய்த படைப்பை அங்கிருந்து பெயர்ப்பது அதை அழிப்பதே என்று செர்ரா வாதிட்டார். அதில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் முடிவு.

இரண்டாவது, வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர்வீரர் நினைவிடம். போட்டிக்கு வந்த 1,421 வடிவமைப்புகளிலிருந்து நடுவர்கள் தேர்ந்தது, 21 வயது மாணவி மாயா லின் வரைந்ததை. மண்ணுக்குள் இறங்கும் இரு கருங்கல் சுவர்கள், இறந்தவர் பெயர்கள். சிலையும் கொடியும் அந்த வடிவமைப்பில் இல்லை. முன்னாள் படைவீரர் சிலர் இதை அவமானச் சின்னம் என்று கொதித்தனர். சமரசமாக, ஃபிரெடரிக் ஹார்ட்டின் மூன்று வீரர் சிலை 1984இல் அருகில் சேர்க்கப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? தாள் வைத்துத் தேய்த்துப் பெயர்ப்படி எடுக்கும் தாய்மார்களும், கடிதமும் பதக்கமும் வைத்துவிட்டுப் போகும் தோழர்களும் தேடி வந்தது கருஞ்சுவரைத்தான்.

இரண்டுமே உருவமற்ற சுவர்கள். வடிவம் புரியாமையே வெறுப்பின் ஊற்று என்றால் இரண்டும் ஒரே கதியை அடைந்திருக்க வேண்டும். இங்கே இருவகை வெறுப்பைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. லின்னின் சுவரை எதிர்த்தவர்கள் அதைக் காண்பதற்கு முன்பே எதிர்த்தார்கள். வரைபடத்தில் கண்ட கருமையும் பள்ளமும் அவர்களுக்குத் தோல்வியின் குறியாகப் பட்டன. அத்தகைய வெறுப்பு, விரல் பெயரைத் தொட்டதும் கரையக்கூடியது. பெயர்கள் இறந்த நாளின் வரிசையில் இருப்பதால், ஒருவரைத் தேடுபவர் அவரோடு மடிந்தவர்களையும் அருகருகே காண்கிறார். வந்தவருக்கு அச்சுவர் ஒரு வேலையைத் தருகிறது. செர்ராவின் சுவர் மீதான வெறுப்போ கண்டபின், அதனோடு நாள்தோறும் வாழ்ந்து விளைந்தது. இதைப் புரியாமை என்று சொன்னால், சொல்பவரின் புரிதலையே ஐயுற வேண்டும்.

நினைவிடத்தில் துக்கம் இருந்தது, சதுக்கத்தில் இல்லை. ஒப்பீடே பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். அதனால்தான் மூன்றாவதொரு சான்றையும் பார்க்க வேண்டும்: பில்பாவோவின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 2005 முதல் நிற்கும் செர்ராவின் 'தி மேட்டர் ஆஃப் டைம்'. அதே கலைஞர், துருவேறும் அதே வகை எஃகு, தலைக்கு மேல் சாயும் அதே வளைவுகள். அங்கே துக்கம் எதுவும் இல்லை. மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி அவற்றின் இடுக்குகளில் விரும்பி நடக்கிறார்கள். மாறியிருப்பது ஒன்றே: நடப்பவர் நடக்க இசைந்து வந்திருக்கிறார்.

ஃபெடரல் பிளாசாவின் வெளியையும் அதில் மக்கள் நடக்கும் தடங்களையும் செர்ரா கூர்ந்து ஆராய்ந்தார். அந்தத் தடங்களை மாற்றவே சுவரை வைத்தார். அங்கே நடந்தவர்களின் கருத்தை அரசு முறையாகக் கேட்டது 1985இல், சுவர் எழுந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்.