மில்ஸ் சமவெளியில் ஒரு தோட்டம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. ஏறத்தாழ 76 செ.மீ. உயரமும் 114 செ.மீ. அகலமும் உடையது. முன்புறமெங்கும் பூச்செடிகள், ரோஜாவும் ஜெரேனியமும் ஒன்றையொன்று நெருக்கிப் பூத்துக் குலுங்குகின்றன. அவற்றிற்கு அப்பால் கல்லால் கட்டிய வீடு. வீட்டின் பின்னே குன்று. அதன் சரிவில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்கள். 1835ஆம் ஆண்டைச் சேர்ந்த இவ்வோவியம் காட்டுவது, அதனை வரைந்த ஜான் குளோவரின் சொந்த வீட்டையும் தோட்டத்தையுமே.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1767இல் உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் குளோவர். பிறவியிலேயே பாதங்கள் வளைந்தவர். 1807இல் லண்டனின் நீர்வண்ண ஓவியர் சங்கத் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார். பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரேனின் பெயரை ஒட்டி, 'ஆங்கிலக் கிளாட்' என்றும் அழைக்கப்பெற்றார். எனினும் ஓய்ந்திருக்க வேண்டிய அகவையில் கப்பலேறினார். 1831 பிப்ரவரி 18 அன்று, தமது 64ஆம் பிறந்தநாளில், வான் டீமன்ஸ் லாண்ட் தீவின் லான்செஸ்டன் துறையில் இறங்கினார். பின்னாளில், 1856இல், தாஸ்மானியா எனப் பெயர் மாறிய தீவு அது. அடுத்த ஆண்டு பென் லோமண்ட் மலையை அடுத்த மில்ஸ் சமவெளியில் குடியேறித் தம் பண்ணைக்குப் பேட்டர்டேல் என்று பெயரிட்டார். இங்கிலாந்தின் ஏரி நாட்டில் அவருக்குப் பழக்கமான ஓர் ஊரின் பெயர் அது. விட்டுவந்த ஊரின் பெயரைப் புதுமண்ணில் நட்டுப் பார்க்கும் ஆசை குடிபெயர்ந்தோர் எல்லார்க்கும் பொது போலும்!

குளோவரின் பெருமை மரங்களில் இருக்கிறது. ஐரோப்பியர் பலர் யூக்கலிப்டஸையும் ஓக் மரத்தைப் போலவே அடர்த்தியாக வரைந்து வந்தனர். இம்மரங்களின் இலைச்செறிவு குறைவு என்பதையும், அவற்றின் ஊடே பின்னுள்ள நிலம் முழுவதையும் காணலாம் என்பதையும் அவர் கண்டுகொண்டார். அறுபதைக் கடந்த ஒருவர் தம் கையின் பழக்கத்தை மறந்து கண்ணை நம்பியது எளிய செயலன்று.

ஆயினும் திணை மரபில் தோய்ந்த மனத்துக்கு இவ்வோவியத்தில் ஓர் உறுத்தல் தோன்றாமற் போகாது. முதற்பொருள் தென்கடல் தீவினுடையது; கருப்பொருளில் பாதி கப்பலில் வந்தது. அந்நிலத்திற்குரிய தொன்மக்களோ இதில் இல்லவே இல்லை.

அவர்கள் எங்கே போயினர்? 1828 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் அவர்கள்மீது இராணுவச் சட்டத்தை ஏவினார். 1830இல் ஏறத்தாழ 2,200 பேரை வரிசையாக நிறுத்தித் தீவையே சல்லடையிட்டுத் தேடும் வேட்டை நடந்தது. எஞ்சியோர் பின்னர் ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கிருந்து 1847இல் திரும்பியோர் 47 பேரே. அவ்வினம் அற்றுப்போயிற்று என்று நெடுங்காலம் எழுதிவந்தது பிழை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். குளோவரின் பண்ணையோ 7,000 ஏக்கரைத் தாண்டி விரிந்தது. 1835 மார்ச் 19இல், கதிரெல்லாம் வீடு சேர்ந்த நாளில், அவர் தொடங்கிய அறுவடை ஓவியம் பொன்னொளியில் மிதக்கிறது. அதில் உழைப்பவர்கள் தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

அவர் ஒன்றும் அறியாதவரல்லர். தொன்மக்கள் ஆடுவதையும் நீராடுவதையும் பல ஓவியங்களில் தீட்டினார். வெள்ளையர் வந்து குலைக்குமுன் அவர்கள் மகிழ்ந்திருந்த நிலையைக் காட்டுவதே நோக்கம் என்று அவரே குறித்துள்ளார். அண்டைப் பண்ணையாரான ஜான் பேட்மனைக் கருப்பரைக் கொன்றவர் என்று கடுமையாகச் சாடினார். ஆனால் அந்த ஆட்டங்கள் நிகழ்வதாக அவர் தீட்டிய நிலத்தில், தீட்டிய காலத்தில், ஆடுவோர் எவரும் இல்லை. நிலத்தைத் தாம் பெற்றுக்கொண்டு, அதன் மக்களை ஓவியத்தில் மட்டும் திருப்பிக் குடியேற்றினார் எனலாம். இதை வஞ்சகம் என்பதா, இரக்கம் என்பதா? இரண்டும் ஒரே தூரிகையில் இருந்தன என்பதே பொருத்தம்.

1835இல் லண்டனில் அவர் அத்தீவில் தீட்டிய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1849 டிசம்பரில் அவர் மறைந்தார். அருகிலுள்ள டெடிங்டன் சிற்றாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வீடு மட்டும் நின்றது. அண்மை ஆண்டுகளில் அதனைச் செப்பனிட்டவர்கள், அடிலெய்டு ஓவியத்தைப் பார்த்தே அத்தோட்டத்தை மீண்டும் நட்டனர்.