ஊரைக் கேட்காமல் ஊர் வளருமா?

தேனி சந்தையால் வளர்ந்த நகரம். மலையிலிருந்து ஏலமும் மிளகும் காப்பியும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நெல்லும் பருத்தியும் இங்கே வந்து கைமாறின. அந்த வணிகத்தோடு உறவின்முறைகள் எனும் சாதிச் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும் வேரூன்றின. விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று சிறு தொகையை மகமையாக ஒதுக்கி வைப்பார்கள். சேர்ந்த பணம் கிணறாகும், பேட்டையாகும், பள்ளிக்கூடமாகும். வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த வெள்ளையர் ஆட்சியில், தென் தமிழக வணிக ஊர்கள் பலவும் இப்படித்தான் தமக்கான வசதிகளைத் தாமே தேடிக்கொண்டன.

ஆனால் யாரையும் கேட்கத் தேவையில்லாத ஆட்சியின் முன் சங்கங்களின் கை எவ்வளவு நீளும்? மதுரை–போடி ரயில்பாதையின் கதையே இதற்குச் சாட்சி. 1928இல் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் போர்த் தேவைக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அந்தப் பாதையை நம்பியிருந்த ஊர்களுக்குப் பதில் சொல்லும் கடமை அந்த அரசுக்கு இல்லை. விடுதலைக்குப் பின், 1950களில்தான் ரயில் திரும்பியது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மீண்டும் நின்றது. இம்முறை மனுக்கள் குவிந்தன, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. தாமதம் கொடிதுதான். ஆனால் கேள்வி கேட்கவும் பதில் கோரவும் மக்களுக்கு இப்போது வழி இருந்தது.

அந்த வழி சுதந்திர நாட்டிலும் அடைபட்டதுண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது; 1976 ஜனவரி 31இல் தமிழக ஆட்சியும் கலைக்கப்பட்டது. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலகியது. ஆனால் தமிழக நகராட்சிகளுக்கு 1986இல்தான் தேர்தல் நடந்தது, அடுத்தது 1996இல். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை மறுபடியும் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை; அதன் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர். தேனி-அல்லிநகரம், போடி, பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என ஆறு நகராட்சிகளிலும் மன்றக் கூடம் வெறிச்சோடியது. பொருளை முன்வைப்பவரும் தனி அலுவலர், அதைத் தீர்மானமாக நிறைவேற்றுபவரும் அவரே. 2018 ஜூலையில் சொத்து வரி உயர்வை அரசு அறிவித்தபோது, எதிர்த்துப் பேசத் தமிழகத்தின் எந்த நகர்மன்றத்திலும் ஓர் உறுப்பினர்கூட இல்லை. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடுபிடித்த 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தல் நெருங்கும்போதுதான் அரசுக்குக் காது கேட்கிறது என்றால், தேர்தலே இல்லாத ஆண்டுகளில் மக்கள் இழந்தது எவ்வளவு!

சங்கங்கள் இருக்கின்றனவே, அவை பேசாதா என்று கேட்கலாம். பேசும், பேசியும் இருக்கின்றன. ஆனால் உறவின்முறையின் கதவு பிறப்பால் திறப்பது. வியாபாரிகள் சங்கத்தின் கதவு தொழிலால் திறப்பது. மகமைப் பெட்டி இல்லாத தெருவுக்கு, தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்கு, தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் காலனிக்கு யார் பேசுவது? எல்லாத் தெருவுக்கும் சமமான ஓர் இருக்கை நகர்மன்றத்தில் மட்டுமே உண்டு. சங்கமும் மன்றமும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, துணை.

பிரேசில் இதை உலகுக்குக் காட்டியது. 1964 முதல் 1985 வரை அங்கே ராணுவ ஆட்சி. அக்காலத்திலேயே போர்ட்டோ அலெக்ரே நகரில் குடியிருப்போர் சங்கங்கள் குடிநீருக்கும் சாக்கடை வசதிக்கும் போராடி வளர்ந்தன. மக்களாட்சி திரும்பியபின், 1989இல் அந்நகர் தன் முதலீட்டுச் செலவை மக்கள் கூட்டங்களிலேயே முடிவு செய்யத் தொடங்கியது. சங்கங்கள் அடக்குமுறைக் காலத்தில் பழகிய ஒழுங்கு அப்போது கைகொடுத்தது.

நமக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், தமிழக நகரங்களில் வார்டு மக்கள் நேரில் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அதைப் புகைப்படத்துக்கான சடங்காக விட்டுவிடக் கூடாது. வார்டுக்கு ஒதுக்கிய பணிகளையும் தொகையையும் சபையில் வாசிக்க வேண்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆயிற்று என்று முதலில் கேட்க வேண்டும். சங்கம் நடத்திப் பழகியவர்கள், சங்கமே இல்லாத தெருக்களையும் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்த வேண்டும். பள்ளத்தாக்கின் நகரங்களை வளர்க்க விரும்பும் ஒவ்வொருவரும் இன்றே தொடங்கக்கூடிய வேலை இது.