அமானிதமும் விவாக விசாரணையும்: இஸ்லாமியச் சட்டத்தில் வைத்திய இரகசியம்

முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் முதலிய ஊர்களில், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் இராவுத்தர் சமூகத்தார் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1956-இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி அவர்தம் கல்விப் பற்றுக்குச் சான்று. இத்தகைய ஊர்களில் நிக்காஹ் பேசுமுன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கையில், குடும்பத்தையும் தொழிலையும் குறித்த வினாக்கள் உறவினரோடும் ஜமாஅத்தாரோடும் முடிந்துவிடலாம். உடம்பைக் குறித்த வினாவோ, அக்குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் வாசலுக்கு வந்துவிடக்கூடியது. அவர் பதில் சொல்வது ஷரீஅத்தில் ஆகுமா, ஆகுமாயின் யாரிடம், எவ்வளவு என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அடிப்படை விதியில் ஐயமில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்டவையாகிய அமானிதங்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பணிக்கிறது; ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அச்சொல்லே அமானிதம் என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர்; ஆகவே, யாரிடமும் சொல்லாதீர் என்று வாய்விட்டுக் கேளாத நோயாளியும் இப்பாதுகாப்புக்கு உரியவனே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ என்பார், சந்தையையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரியின் கடமைகளைத் தொகுத்தபோது, ஹிப்போகிரட்டீஸின் சத்தியப்பிரமாணத்தை வைத்தியரிடம் வாங்க வேண்டுமென்றும், இரகசியத்தை வெளியிடாமை அதில் அடங்குமென்றும் எழுதினார்.

விதிவிலக்குக்கு உரிய ஆதாரமோ விவாகப் பேச்சிலேயே தோன்றியது. தம்மைப் பெண் கேட்ட முஆவியா, அபூஜஹ்ம் ஆகிய இருவரையும் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் அம்மையார் தெரிவித்தபோது, முன்னவரின் வறுமையையும் பின்னவரின் கடுமையையும் நபிகள் நாயகம் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். இதனை அடியொற்றியே இமாம் நவவி, புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களுள் சம்பந்தம் பற்றிய ஆலோசனையையும் சேர்த்தார். ஆயினும், இச்சம்பந்தம் உமக்கு ஒத்துவராது என்ற அளவிலேயே கேட்டவர் விலகிக்கொள்வார் எனின், அதற்குமேல் குறையை விவரிக்கலாகாது என்று அவரே இட்ட எல்லையை, அவரை மேற்கோள் காட்டுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஆலோசனை பெற்றவர் மணம் செய்யவிருந்த பெண்ணேயன்றி, அவருடைய சுற்றத்தாரோ ஊர்ப் பெரியவரோ அல்லர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1993-இல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் 79-ஆம் தீர்மானமும், வைத்திய இரகசியத்தை அமானிதமென வகுத்து, மறைப்பதால் விளையும் தீங்கு வெளியிடுவதால் விளையும் தீங்கினும் பெரிதாகும்போதே விலக்கு உண்டென்றது.

பிறர் குறையை மறைப்பவனின் குறையை இறைவன் மறைப்பான் என்னும் நபிமொழியைக் காட்டி, எச்.ஐ.வி. நோயாளியின் நிலையை முற்றிலும் மறைப்பதே அறமென வாதிப்போர் உளர். இவ்வாதம் நோயைப் பாவத்தோடு ஒன்றாக்குவதால் எமக்கு உடன்பாடன்று. கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியும், இரத்தம் ஏற்றியதால் தொற்றுப் பெற்றவனும் எந்தப் பாவத்தை மறைக்க வேண்டியவர்கள்? இங்கே காக்கப்படுவது நோயாளி நம்பி ஒப்படைத்த அமானிதம். மன்னிப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை.

சென்னை மருத்துவமனை ஒன்றில் 1995-இல் இரத்தம் அளித்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, செய்தி வெளியானதால் நிச்சயித்த விவாகம் நின்று, தம் சமூகத்தாராலேயே அவர் ஒதுக்கப்பட்ட வழக்கில், இரகசிய உரிமை முழுமையானதன்று என்றும், மணப்பெண்ணின் உயிரைக் காத்த வெளிப்பாடு குற்றமாகாதென்றும் 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகையோரின் விவாக உரிமையே நிறுத்தி வைக்கப்பட்டதெனவும் அத்தீர்ப்பு கூறிற்று. அப்பகுதி வழக்குக்குத் தேவையற்றதென 2002-இல் மூவர் அமர்வு ஒதுக்கியது. ஆனால், பெண்ணுக்குச் சொல்வதும் ஊருக்குத் தெரிவதும் வெவ்வேறு என்னும் நவவியின் நுட்பம் முதல் தீர்ப்பில் காணப்படவில்லை. பெண்ணின் உயிர் காக்கப்பட வேண்டியதுதான். அதன்பொருட்டு ஊரார் ஒதுக்கிவைக்கும் அளவுக்குச் செய்தி பரவவேண்டிய அவசியம் யாது?

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இவ்விஷயத்தில் ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்டவியலுக்கு நெருங்கி வந்து, ஓரிடத்தில் பிரிகிறது. நோயாளியே துணைக்குச் சொல்லும்படி முதலில் ஆலோசனை கூறி, அவர் சொல்லமாட்டாரெனத் தெளிந்து, தாம் சொல்லப்போவதை அவருக்கு அறிவித்த பின்னரே மருத்துவர் நேரில் தெரிவிக்கலாம்; நோயாளி பெண்ணாயிருந்து, தெரிவிப்பதால் அவளுக்கு வன்முறை நேருமென அஞ்ச இடமிருந்தால் தெரிவிக்கலாகாது. ஆனால் துணை என்பது கணவன் மனைவியரையும் அவ்வாறு வாழ்வோரையுமே குறிக்கும். நிச்சயிக்கப்பட்ட பெண் அதில் அடங்காள். ஃபிக்ஹ் வாய் திறக்கச் சொல்லும் அதே வேளையில் சட்டம் வாயை மூடுகிறது. கணவனின் கடும் பால்வினை நோயை மனைவியின் விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கும் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகக் கலைப்புச் சட்டமும் மணமான பின்னரே துணைக்கு வருகிறது.

நவவி காட்டிய ஒத்துவராது என்னும் சொல்லும் டாக்டருக்கு உதவாது. உறவினர் அவ்வாறு கூறினால் காரணம் பணமா குணமா என்று தெரியாது. டாக்டர் கூறினால் நோய் என்பது உடனே விளங்கிவிடும். எனவே, நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு மணப்பெண்ணை வரவழைத்து, இருவரையும் ஒருங்கே வைத்துப் பேசுவதே ஃபிக்ஹுக்கும் எச்.ஐ.வி. சட்டத்துக்கும் பொருந்தும் வழியெனக் கருதுகிறோம். பெண்ணின் மாமனுக்கும் ஜமாஅத் தலைவருக்கும் டாக்டர் யாதும் சொல்லலாகாது; நோயற்ற மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் அதே மறுப்பையே அவர் கூறவேண்டும், ஏனெனில் ஒருவனுக்கு நல்ல உடம்பென்று சான்று கூறியவர் மற்றொருவனைப் பற்றிப் பேசாதிருந்தால், அம்மௌனத்தின் பொருளை உத்தமபாளையம் அன்றைக்கே புரிந்துகொள்ளும்.