ஷீல்டும் கொடியும்: 1911

1911 ஜூலை 29 அன்று மாலை, கல்கத்தா மைதானில், பதினொரு வங்காளிகள் வெறுங்காலுடன் ஆடி, பூட்ஸ் அணிந்த ஆங்கிலேய ராணுவ அணியை வென்றார்கள் என்பது இந்தியக் கால்பந்தைப் பற்றி எதுவுமே அறியாதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருக்கும் கதை. அதில் இரண்டு சிறு பிழைகள் உண்டு. வெறுங்காலுடன் ஆடியவர்கள் பத்துப் பேர்தான். இடது பக்கத் தடுப்பாளரான சுதீர் சட்டர்ஜி பூட்ஸ் அணிந்திருந்தார். அவர் கிறித்தவர், பவானிப்பூரில் மிஷனரிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்து பிற்பாடு பாதிரியார் ஆனவர். மற்றொரு தடுப்பாளரான பூத்தி சுகுலோ ஐக்கிய மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கதை இவ்விருவரையும் மறுக்கவில்லை. ஆனால் தன் வசதிக்காகக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டது. அப்படி மங்கலாக்கப்பட்டவை வேறு என்னென்ன என்று தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

ஐ.எஃப்.ஏ. ஷீல்டு 1893இல் தொடங்கிய போட்டி. ஒருமுறை தோற்றால் அந்த ஆண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். முதல் பதினெட்டு ஆண்டுகளும் கோப்பை பிரிட்டிஷ் அணிகளின் கையிலேயே, பெரும்பாலும் ராணுவப் படைப்பிரிவுகளிடமே, இருந்தது. வங்காளிகள் பந்தை உதைக்கத் தெரியாதவர்கள் அல்லர். 1892லேயே சோபாபஜார் அணி டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவைத் தோற்கடித்திருந்தது. ஆனாலும் வங்காளி உடல்வலுவற்றவன், கோழை என்ற சித்திரத்தை மெக்காலே வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய தன் கட்டுரையில் எழுதிவைத்து எழுபது ஆண்டுகளாகியும் அது கலையவில்லை. படித்த வங்காளிகளே அதை உள்ளூர நம்பத் தொடங்கியிருந்தார்கள். விவேகானந்தர் 1897இல் சென்னைச் சொற்பொழிவொன்றில், கீதை வாசிப்பைவிடக் கால்பந்தே இளைஞர்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுபோகும் என்ற பொருள்படப் பேசியது இந்தப் பின்னணியில்தான். (அன்றைய நம்மூர்க் கனவான்கள் அதை எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்களோ!)

மோகன் பகான் 1889இல் வட கல்கத்தாவில் பிறந்த சங்கம். அவ்வாண்டு அணியின் தலைவர் சிப்தாஸ் பாதுரி, கால்நடை மருத்துவத் துறை ஊழியர். அவருடைய அண்ணன் விஜய்தாஸும் முன்களத்தில் ஆடினார். கோல்கீப்பர் ஹிராலால் முகர்ஜிக்குச் செங்கல் சூளையில் வேலை. சிலர் கல்லூரி மாணவர்கள். பெரும்பாலோரின் பூர்விகம் கிழக்கு வங்காள மாவட்டங்கள். இந்தக் கடைசித் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 10 அன்று செயின்ட் சேவியர் அணியை 3-0 என்று வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ், 2-1. பிறகு ரைஃபிள் பிரிகேட், 1-0. அதுவரை இது வெறும் கால்பந்துச் செய்தி. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் 24ஆம் தேதி 1-1 என்று சமநிலை கண்டு, இரு நாள் கழித்து மறு ஆட்டத்தில் 3-0 என்று வென்ற பிறகுதான் நகரம் நிலைகொள்ளாமல் போனது.

இறுதியாட்டத்தன்று கிழக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கூட ஆட்கள் வந்து குவிந்தார்கள். சிறப்பு ரயில் விடப்பட்டது. படகுகள் நிரம்பி வந்தன. 2 ரூபாய்ச் சீட்டு 15 ரூபாய்க்குக் கைமாறியது. கூட்டம் அறுபதாயிரம் என்பாரும் உண்டு, லட்சம் என்பாரும் உண்டு. அவர்களில் பெரும்பகுதியினர் பந்தைக் கண்ணால் கண்டிருக்க முடியாது. மரக்கிளையில் தொற்றியவர்கள் கொஞ்சம் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கோல் எண்ணிக்கை எழுதிய காற்றாடிகள் வானில் ஏற்றப்பட்டன. தலைமேல் ஆடும் காகிதத்தை அண்ணாந்து பார்த்து ஒரு ஜனசமுத்திரம் மூச்சடக்கி நின்ற அந்தக் காட்சியை, ஆட்டத்தைவிட என்னால் துல்லியமாகக் கற்பனை செய்ய முடிகிறது.

முதலில் மேலே ஏறியது தோல்வியின் காற்றாடி. கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சிப்தாஸ் அதைச் சமன்செய்தார். அடுத்து அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் ஆட்டம் 2-1 என்று முடிந்தது.

அன்றைய கல்கத்தாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் இணக்கமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1905இல் கர்சன் செய்த வங்கப் பிரிவினை நடுவில் கிடந்தது. அப்படியிருந்தும், இந்துச் சகோதரர்களின் வெற்றியில் முஸ்லிம் விளையாட்டுச் சங்கத்தினர் தரையில் புரண்டு மகிழ்ந்தார்கள் என்று ‘தி முஸல்மான்’ பத்திரிகை எழுதியது. அந்த மாலையைப் பற்றிய செய்திகளில் எனக்கு முக்கியமானதாகப் படுவது இதுதான். வெறுங்கால் அளவுக்கு இது நினைவில் நிற்கவில்லை.

மாறாக நினைவில் நின்றது வேறொன்று: இத்தோல்வியால் அரண்டுபோன ஆங்கிலேயர் தலைநகரையே தில்லிக்கு மாற்றிவிட்டார்கள் என்பது. தில்லி தர்பாரில் பிரிவினை ரத்தும் தலைநகர் மாற்றமும் அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பர் 12இல் என்பது உண்மை. ஆனால் வைஸ்ராய் ஹார்டிஞ்சின் அரசுக்குள் அதற்கான குறிப்பு ஜூன் மாதமே, அதாவது மோகன் பகான் முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே, எழுதப்பட்டாயிற்று. பேரரசுகள் கால்பந்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

கால்பந்திலும்கூட உடனடியாக எதுவும் மாறவில்லை. அடுத்த ஆண்டே ஷீல்டு பிரிட்டிஷ் அணியிடம் திரும்பியது. 1923இல் மோகன் பகான் மீண்டும் இறுதிக்கு வந்து, மழையில் சேறான தரையில் கல்கத்தா எஃப்.சி.யிடம் 3-0 என்று தோற்றது. கல்கத்தாவின் மழைக்காலத்தில் வெறுங்கால் வழுக்கும். தொன்மம் எதைப் போற்றியதோ அதுவே ஆட்டத்தில் பலவீனமாக இருந்தது.

இதற்கிடையே அந்தக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கிழக்கிலிருந்து வந்தவர்கள் தாங்கள் இளக்காரமாக நடத்தப்படுவதாக மனம் கசந்து 1920இல் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1911இல் ஷீல்டை வென்றுதந்த கால்களில் பெரும்பாலானவை அவர்கள் மண்ணைச் சேர்ந்தவை என்பது இரு தரப்புக்கும் மறந்துபோனது. 1934 முதல் முகமதன் ஸ்போர்ட்டிங் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்றது. 1936இல் ஷீல்டையும் வென்றது. அப்போது தரையில் புரண்டு மகிழ்ந்தவர்கள் அதன் ரசிகர்கள் மட்டுமே. 1946இல் நகரம் கலவரத்தில் எரிந்தபோது ஷீல்டு போட்டி நடக்கவே இல்லை.

1911 இறுதியாட்டம் முடிந்த மாலையைப் பற்றி ஒரு கதை உண்டு. உண்மையோ, பின்னால் புனையப்பட்டதோ, கல்கத்தாக்காரர்கள் விடாமல் சொல்லும் கதை. திரும்பிக்கொண்டிருந்த வீரர்களிடம் முதிய பிராமணர் ஒருவர் வில்லியம் கோட்டைமேல் பறந்த யூனியன் ஜாக்கைக் காட்டி, “இதை வென்றுவிட்டீர்கள், அது எப்போது இறங்கும்?” என்று கேட்டாராம். “அடுத்த முறை மோகன் பகான் ஷீல்டை வெல்லும்போது” என்று யாரோ பதில் சொன்னார்களாம்.

மோகன் பகான் அடுத்த முறை ஷீல்டை வென்றது 1947இல். கொடி ஆகஸ்டிலேயே இறங்கிவிட்டிருந்தது. வங்காளம் மறுபடியும் இரண்டாகியிருந்தது. இறுதியாட்டத்தில் 1-0 என்று அவர்கள் வென்றது ஈஸ்ட் பெங்காலை.